பாய்லரும் மாறியாச்சு, சக்கரமும் மாறியாச்சு: இது அதே எஞ்சினா?

கேள்வி இது: "குன்னூர் ஷெட்டில் நிற்கிற பழைய நீராவி எஞ்சின் ஒன்றில் பாய்லர், சக்கரம், பல்சக்கரம் என்று காலப்போக்கில் எல்லாமே மாற்றப்பட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது 1914இல் கட்டிய அதே எஞ்சினா? கழற்றிய பழைய பாகங்களை வைத்து அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பூட்டி நிறுத்தினால் எது அசல்? 'எஞ்சின் என்று ஒன்றுமே கிடையாது, எல்லாம் இரும்புத் துணுக்கு' என்கிறார் என் நண்பர். அவர் சொல்வது சரியா?"

இதற்குள் மூன்று கேள்விகள் முறுக்கிக் கிடக்கின்றன. துண்டுகள் எப்போது சேர்ந்து ஒரு பொருளாகின்றன? சேர்ந்தபின் அந்தப் பொருளும் துண்டுகளின் தொகுதியும் ஒன்றா, வேறா? எந்த மாற்றத்தைத் தாங்கி ஒரு பொருள் அதுவாகவே நீடிக்கும்? பெரும்பாலானவர்கள் மூன்றாவது கேள்விக்கு இரண்டாவதன் பதிலைச் சொல்லிவிட்டு, அங்கிருந்து மீள முடியாமல் நிற்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருப்பதுதான் அதே எஞ்சின். ஆனால் அது தன் இரும்புத் தொகுதியோடு ஒன்றானதல்ல. நண்பர் சொல்வதை எளிதில் மறுக்க முடியாது. ஆனால் அவர் நினைக்கிற அளவுக்கு அது மலிவான கொள்கையும் அல்ல.

முதலில் பொருளைப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு நீலகிரி மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் பாதை திறந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடி போனால் ஓரடி ஏறுகிற சரிவு உண்டு. வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். ஆகவே நடுவில் ஆப்ட் முறையில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்: பக்கத்துப் பக்கமாக இரண்டு பல் பட்டைகள், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். இந்தப் பாதையில் ஓடுகிற எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். உயர் அழுத்தச் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அவை விட்ட ஆவியையே வாங்கி, குறை அழுத்தச் சிலிண்டர்கள் பல்சக்கரத்தைச் சுழற்றும். மேலேறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1914 முதல் கட்டப்பட்ட இந்த வகையில் கடைசி ஐந்து 1952இல் வந்தவை. அண்மைக் காலத்தில் திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பே இதே வகையைப் புதிதாகக் கட்டி மலைக்கு அனுப்பியிருக்கிறது.

ரயில் விவரம் இங்கே எதற்கு என்றால், எந்த இரும்பு இருக்கிறது என்பதைவிட எது எதோடு எப்படிப் பூட்டியிருக்கிறது என்பதுதான் இந்தப் பொருளை எஞ்சின் ஆக்குகிறது. ஆவி ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டால் எடையில் ஒரு குன்றிமணி குறையாது. ஆனால் மலை ஏறாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: எப்போது துண்டுகள் ஒன்றாகின்றன? இதற்குக் கூர்மையான வடிவம் கொடுத்தவர் அமெரிக்கத் தத்துவவாதி பீட்டர் வான் இன்வேகன், 1990இல். தொட்டுக்கொண்டிருந்தால் போதுமா? ஒட்டியிருந்தால்? பூட்டியிருந்தால்? பூட்டினால் போதும் என்பதுதான் மெக்கானிக்கின் பதிலாக இருக்கும். அதற்கு வான் இன்வேகன் சொன்ன மறுப்பு: இரண்டு பேர் கைகுலுக்கும்போது விரல்கள் அப்படியே விறைத்துப் பிரிக்க முடியாமல் போனால், அந்த இடத்தில் புதிதாக ஒரு பொருள் பிறந்துவிட்டதா? இல்லையே.

இந்த மறுப்பு நம் பக்கத்தில் வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டது என்பதைத் தமிழில் எழுதுகிறவர்கள் ஏனோ சொல்வதில்லை. முழுமை என்று தனியாக ஒன்று உண்டு, அதுவே அவயவி என்பது இந்தியத் தர்க்க மரபின் மூலநூலான நியாய சூத்திரத்தின் கட்சி. அதற்கு இரண்டு காரணம் காட்டுகிறது. ஒன்று, அணுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. அவயவி இல்லையென்றால் நாம் எதையுமே பார்த்திருக்க முடியாது. இரண்டு, ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுதும் வருகிறது. மணல் குவியலில் ஒரு பிடியை இழுத்தால் குவியல் வருவதில்லை. இரண்டாவது காரணத்தின் பலவீனத்தை உரையாசிரியர் வாத்ஸ்யாயனரே எடுத்துக்காட்டுகிறார்: புல்லையும் கல்லையும் கட்டையையும் அரக்கால் ஒட்டிவிட்டால் ஒன்றை இழுக்க எல்லாம் வரும், அதனால் அவை ஒரு பொருள் ஆகிவிடுமா? கப்ளிங் போட்ட பெட்டிகளுக்கும் இதே கேள்விதான். எஞ்சின் நகர்ந்தால் பெட்டிகள் நகர்கின்றன என்பது அவை பிணைந்திருப்பதைக் காட்டுமே ஒழிய, அவற்றுக்கு மேலே 'ரயில்' என்று ஒன்று இருப்பதைக் காட்டாது.

வான் இன்வேகனின் சொந்தப் பதில், துண்டுகளின் செயல் ஓர் உயிராக அமையும்போது மட்டுமே அவை ஒரு பொருள் ஆகும் என்பது. அவர் கணக்கில் தேயிலைச் செடி உண்டு, டிரைவர் உண்டு, எஞ்சின் கிடையாது. இதற்கு நேர் எதிர் முனையில் இன்னொரு அமெரிக்கத் தத்துவவாதி டேவிட் லூயிஸ் நிற்கிறார்: எந்தத் துண்டுகளை எடுத்தாலும் அவற்றின் கூட்டு ஒன்று உண்டு. ஓர் எஞ்சின், நான்கு பெட்டிகள் என்று ஐந்தை எடுத்துக்கொண்டால், தனித்தனியானவற்றையும் சேர்த்து 31 பொருள்கள். n துண்டுக்கு இரண்டின் n மடிப்பெருக்கத்தில் ஒன்று குறைவு என்பது கணக்கு. பத்துத் துண்டென்றால் 1023. எஞ்சினும் மூன்றாவது பெட்டியும் மட்டும் சேர்ந்தது ஒரு பொருள். தொட்டபெட்டா உச்சிப் பாறையும் உங்கள் இடது காலணியும் சேர்ந்ததும் ஒரு பொருள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் லூயிஸின் வாதம் சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. சில கூட்டுகள் மட்டுமே பொருள், மற்றவை இல்லை என்றால் எங்கோ ஒரு கோடு வேண்டும். எவ்வளவு நெருக்கம், எவ்வளவு இறுக்கம் என்று எதைச் சொன்னாலும் அந்தக் கோடு மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் உலகில் எத்தனை பொருள்கள் என்ற எண்ணிக்கை மங்கலாக இருக்க முடியாது: ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. ஆகவே கோடே வேண்டாம் என்பது அவர் முடிவு.

இந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கையில்லாத இடம், எண்ணிக்கை மங்க முடியாது என்ற படி. 'எத்தனை' என்று கேட்கும்போதே எந்த வகையை எண்ணுகிறோம் என்று சொல்லியாக வேண்டும். ஷெட்டில் எத்தனை எஞ்சின் என்பதற்குப் பதில் உண்டு. எத்தனை 'பொருள்' என்பதற்கு, வகை சொல்லாதவரை, எண்ணவே தொடங்க முடியாது. லூயிஸ் பக்கத்தவர்கள் தர்க்கக் குறிகளை மட்டும் வைத்தே 'குறைந்தது இரண்டு உண்டு' என்று எழுத முடியுமே என்பார்கள். எழுதலாம். அந்தக் குறிகள் எதை எதையெல்லாம் சுட்டலாம் என்பதுதானே சண்டையே.

பகுதி என்ற உறவுக்குத் தனிக் கணிதமே உண்டு. போலந்தின் ஸ்தனிஸ்வாவ் லெஷ்னியெவ்ஸ்கி 1916இல் தொடங்கினார். 1940இல் லியோனார்டும் குட்மனும் வேறு வடிவில் எழுதினார்கள். அடிப்படை விதிகள் எளியவை. பகுதியின் பகுதி முழுமைக்கும் பகுதி. இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று பகுதியானால் இரண்டும் ஒன்றே. ஒன்றுக்குத் தன்னிலும் சிறிய ஒரு பகுதி இருந்தால், அதைத் தொடாத வேறொரு பகுதியும் மிச்சம் இருந்தாக வேண்டும்; ஒரே ஒரு பகுதி மட்டும் கொண்ட முழுமை கிடையாது. இவற்றில் முதல் விதியைப் பயன்படுத்தும்போதுதான் அதிகம் தவறுகிறார்கள். திருகாணி பல்சக்கரத்தின் பகுதி, பல்சக்கரம் எஞ்சினின் பகுதி, ஆகவே திருகாணி எஞ்சினின் பகுதி. சரி. டிரைவரின் விரல் டிரைவரின் பகுதி, டிரைவர் வண்டிக் குழுவில் ஒருவர், ஆகவே விரலும் வண்டிக் குழுவில் ஒருவரா? இங்கே விதி பொய்க்கவில்லை. உறுப்பினராக இருப்பது பகுதியாக இருப்பது அல்ல, அவ்வளவுதான். சங்கம், குழு, குடும்பம் பற்றி வாதாடும்போது இந்தக் குழப்பம் வராமல் இருப்பது அபூர்வம்.

மேலே சொன்ன விதிகளோடு இன்னும் ஒன்றைச் சேர்ப்பார்கள்: பகுதிகள் எல்லாம் அவையே என்றால் முழுமையும் அதுவே. உங்கள் எஞ்சின் முட்டிக்கொள்வது இதில்தான், நம் இரண்டாவது கேள்வியும் இதுவே. சோதிக்க ஒரு கருவி போதும். ஒன்றைப் பற்றி உண்மையாக இருப்பது மற்றதைப் பற்றிப் பொய்யானால் இரண்டும் வேறு. இது லைப்னிட்ஸின் விதி. இப்போது வைத்துப் பாருங்கள். இன்று எஞ்சினில் இருக்கிற இரும்பு முழுவதின் தொகுதி எஞ்சின் கட்டப்படுவதற்கு முன்பும் இருந்தது. வெவ்வேறு சுரங்கங்களில் தாதுவாகச் சிதறிக் கிடந்தது. எஞ்சின் அப்போது இல்லை. எஞ்சினைக் கழற்றிக் கடைசி ஆணி வரை உருக்கினால் தொகுதி இருக்கும், எஞ்சின் இருக்காது. மறுபக்கம், நேற்று ஒரு போல்ட் மாற்றினார்கள் என்றால் நேற்றைய தொகுதி வேறு, இன்றைய தொகுதி வேறு, எஞ்சின் மாறவில்லை. முன்னால் ஒரு வேறுபாடு, பின்னால் ஒரு வேறுபாடு, நடுவில் ஒரு வேறுபாடு. ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

உடனே வருகிற எதிர்ப்பு: ஒரே இடத்தில் இரண்டு பொருளா? அப்படியென்றால் எடை மேடையில் இரண்டு மடங்கு காட்ட வேண்டாமா? வேண்டாம். இரண்டுக்கும் பகுதிகள் பொது. பொதுப் பகுதியை இரண்டு தடவை எடை போட மாட்டோம். கையையும் உள்ளங்கையையும் சேர்த்து எடை போடும்போது உள்ளங்கையை மறுபடி கூட்டுகிறோமா என்ன? வேறு வகைப் பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கலாம் என்று டேவிட் விக்கின்ஸ் 1968இல் வாதிட்டார். இதை ஏற்காதவர்களின் வலுவான எடுத்துக்காட்டு ஆலன் கிப்பர்டுடையது, 1975. ஒரு சிலையின் இரு பாதிகளைக் களிமண்ணில் தனித்தனியே செய்து, இரண்டையும் ஒட்டிய நொடியிலேயே சிலையும் மண்கட்டியும் பிறக்கின்றன. பிறகு ஒரே நொடியில் இரண்டும் அழிகின்றன. முன்னும் பின்னும் வேறுபாடே இல்லை. அப்போதும் இரண்டா? ஒன்றுதான், ஆனால் ஒன்றாக இருப்பது தற்செயல் என்றார் கிப்பர்டு. என் பார்வையில் அங்கேயும் வேறுபாடு உண்டு: நசுக்கியிருந்தால் சிலை போயிருக்கும், கட்டி போயிருக்காது. அப்படி நடக்கவில்லை என்பதால் அந்த வேறுபாடு இல்லாமல் போகாது.

பழனியில் இதற்கு நெருக்கமான உதாரணம் இருக்கிறது. மலைக்கோயில் மூலவர் நவபாஷாணத்தால் ஆனவர், வார்த்தவர் போகர் என்பது மரபு. ஒன்பது சரக்கின் கலவை வேறு, மூர்த்தி வேறு என்பதற்குத் தத்துவம் வேண்டாம். கலவை முன்பே இருந்தது. இதைவிடக் கூர்மையானது ஆகம நடைமுறை. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம், அதாவது தற்காலிகச் சன்னதி, செய்கிறார்கள். மூலவரின் கலையை, அதாவது தெய்வ சக்தியை, கும்ப நீருக்கு ஈர்த்து, அத்திப் பலகையில் எழுதிய உருவில் நிறுத்தி, வேலை முடியும்வரை பூசை அங்கே நடக்கிறது. முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் கலை திரும்புகிறது. அடிப்பீடத்தில் அஷ்டபந்தன மருந்து சாத்துகிறார்கள். பழனியில் 2023 ஜனவரி 27 அன்று நடந்த குடமுழுக்கைப் பலர் பார்த்திருப்பீர்கள். பின்னப்பட்ட திருமேனியை மாற்ற ஜீர்ணோத்தாரண விதி தனியே உண்டு. 'அதே சுவாமியா', 'அதே கல்லா' என்ற இரண்டு கேள்விகளையும் ஆகமம் பிரித்து வைத்து, இரண்டுக்கும் வேறு வேறு நடைமுறை வகுத்திருக்கிறது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பிரிப்பு சுத்தமானது.

இனி மூன்றாவது கேள்வி: நீடிப்பது. மிகக் கடுமையான கட்சி, ஒரு பகுதி போனாலும் பொருள் போயிற்று என்பது. நியாயத்தின் சகோதர மரபான வைசேஷிகத்தைச் சேர்ந்தவர்கள் துணியை உதாரணம் காட்டுவார்கள்: ஓர் இழையை உருவினால் பழைய துணி அழிந்தது, மிச்ச இழைகளில் புதிய துணி தோன்றியது. முழுமை பகுதிகளிலிருந்து வேறானது என்று அடித்துச் சொல்கிற அவர்களே, அது ஓர் இழையின் இழப்பைக்கூடத் தாங்காது என்கிறார்கள். காரணம், அவயவி தன் அவயவங்களில் சமவாயமாக, அதாவது பிரிக்க முடியாத உறவில், நிற்கிறது. நிற்கும் இடங்களில் ஒன்று போனால் அந்த அவயவி நிற்க முடியாது. 1973இல் ராடரிக் சிஷம் ஏறக்குறைய இதையே சொன்னார்: கண்டிப்பான பொருளில் எதுவும் பகுதி இழந்து நீடிக்காது, நாம் 'அதே எஞ்சின்' என்பது ஒன்றன்பின் ஒன்றாக வருகிற பல தொகுதிகளுக்கு வைத்த பேச்சு வழக்குப் பெயர். தமிழில் இதற்கு மிக நல்ல வகைப்பாடு மணிமேகலையின் முப்பதாம் காதையில் இருக்கிறது. பௌத்த அறம் விளக்கும்போது, வழக்குகளில் தொகை என்று ஒன்றும் தொடர்ச்சி என்று ஒன்றும் பிரிக்கிறது. உடம்பு, நீர், நாடு ஆகியவை தொகைக்கு எடுத்துக்காட்டு. வித்து, முளை, தாள் என்று போகிற நிகழ்ச்சி முழுவதையும் நெல் என்று சொல்வது தொடர்ச்சிக்கு.

இந்தப் பிரிவு நம் மலையில் அப்படியே பொருந்தும். குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் மறுபடி பூத்தது என்கிறோம். பூத்து விதைத்த செடி காய்ந்து சாகிறது. 2018இல் பூத்தது அதன் வழிவந்தது. 'அதே குறிஞ்சி' என்றால் அது தொடர்ச்சி வழக்கு, செடி ஒன்றல்ல. தேயிலையில் கதை தலைகீழ். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டும்போது செடியின் மேல்பகுதி பெரும்பாலும் போகிறது. ஆனால் கவாத்துக்கு முன்னும் பின்னும் ஒரே செடிதான். ஜான் லாக் 1694இல் சேர்த்த அத்தியாயத்தில் ஓக் மரத்துக்குச் சொன்ன விடை இதுவே: ஓர் உயிரின் ஒழுங்கமைப்பு தொடர்ந்து நடக்கும்வரை பொருள் ஒன்று, அதில் எந்த அணு வந்துபோனாலும். அதே தோட்டத்தில் ஒரு தாய்ச்செடியிலிருந்து ஓரிலைக் குச்சி வெட்டி வளர்த்த நூறு குளோன் செடிகள் மரபணுவில் ஒன்றுபோல இருக்கும். நூறும் நூறு செடிகள். ஒன்றுபோல இருப்பதும் ஒன்றாக இருப்பதும் இரண்டு. பொன்மலையில் பழைய வரைபடத்தை வைத்துக் கட்டிய எக்ஸ் எஞ்சின் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் 1914இன் எஞ்சின் ஆகாது. வகை அதே, பொருள் வேறு.

இப்போது விடை சொல்லலாம். எஞ்சின் என்ற வகைக்கான நீடிப்பு நிபந்தனை, வேலை செய்யும் அமைப்பு படிப்படியான மாற்றங்களினூடே தொடர்வது. பாய்லரைக் கழற்றிக் குழாய்களை மாற்றுவது, தேய்ந்த பல்சக்கரத்தின் பல் வளையத்தைப் புதிதாக்குவது, சக்கரத்தின் வெளிவளையத்தை மாற்றுவது எல்லாம் அந்த வகைப் பொருளுக்கு எதிர்பார்த்த மாற்றங்கள். பல் தேயும் என்று தெரிந்துதான் மாற்றக்கூடியதாகச் செய்திருக்கிறார்கள். நீராவிக் காலத்தில் ஓர் எஞ்சினின் பாய்லர் இன்னொன்றுக்குப் போவது உலகெங்கும் சாதாரணம். ஓவர்ஹாலில் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டிருக்கும்போது எஞ்சின் எங்கே என்று கேட்கலாம். மறுபடி பூட்டுவதற்கென்று ஒழுங்கோடு பிரித்திருந்தால், பிரிந்த நிலையிலும் அது அதே எஞ்சின் என்பேன். ஏலத்தில் பழைய இரும்பாகப் போனபின் அப்படிச் சொல்ல மாட்டேன். வண்டி ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தனித்தனியே இருப்பதும், எஞ்சினை மாற்றிப் பதிவு செய்தால் வண்டி அதே வண்டியாக இருப்பதும் இதே சிந்தனையின் அரசுப் பதிப்பு.

பலர் இதற்குச் சதவீதம் வைக்கப் பார்க்கிறார்கள்: 'பாதிக்கு மேல் பழையது இருந்தால் அதே.' இது ஏன் உடைகிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒவ்வொரு ஓவர்ஹாலிலும் வெவ்வேறு 20 சதவீதம் மாறுகிறது. முதல் நிலை அ. பிறகு ஆ, இ, ஈ. அடுத்தடுத்த இரண்டுக்கு 80 சதவீதம் பொது. ஆகவே அவும் ஆவும் ஒன்று, ஆவும் இயும் ஒன்று, இயும் ஈயும் ஒன்று. ஒன்றாயிருத்தல் கடந்து போகும் உறவு. எனவே அவும் ஈயும் ஒன்று. ஆனால் அவுக்கும் ஈக்கும் பொதுவானது 40 சதவீதமே. விதிப்படி அவை வேறு. ஒரே விதி இரண்டு பதில் சொல்கிறது. எல்லையை 60 ஆக்கினாலும் 90 ஆக்கினாலும், மாற்றங்களைப் போதுமான அளவு சிறிதாக்கினால் இதே முரண் வரும். ஆகவே எவ்வளவு பழையது மிச்சம் என்பது நீடிப்புக்கு அளவுகோல் ஆகாது.

அருங்காட்சியகத்துக்கு வருவோம். கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலில் பலகை பலகையாக மாற்றியதைப் புளூடார்க் எழுதினார். கழற்றிய பலகைகளைச் சேர்த்து வைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் என்ன ஆகும் என்ற திருப்பத்தைச் சேர்த்தவர் தாமஸ் ஹாப்ஸ், 1655இல். இரண்டும் அசல் என்று சொல்ல முடியாது. அப்படியானால் ஓடும் எஞ்சினும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற எஞ்சினும் ஒன்று என்றாகிவிடும். அருங்காட்சியகத்தில் நிற்பதுதான் அசல் என்றால் அடுத்த கேள்வி: ஓடுகிறது எந்த நாளில் அசலாக இல்லாமல் போனது? எந்தப் பாகம் கழன்றபோது? அந்த நாள் வரை இரண்டாவது எஞ்சினே இல்லை. யாரோ பழைய இரும்பைக் குப்பையில் போடாமல் சேர்த்தார் என்பதால் மலையில் ஓடிக்கொண்டிருந்த பொருள் வேறாகிவிட்டது என்பது ஏற்க முடியாத விளைவு. லூயிஸ் வழியில் போனால், தொடக்கத்திலிருந்தே இரண்டு எஞ்சின்கள், ஆரம்பகாலத்தைப் பகிர்ந்துகொண்டு பின்னால் கிளை பிரிந்தன என்று சொல்லலாம். காலத்தில் நீண்ட பொருள்களாக, கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய் அப்பால் பிரிகிற இரு சாலைகளைப்போல. முரண் தீரும், ஆனால் 1914இல் ஷெட்டில் ஒரே ஓர் எஞ்சின் நின்றது என்று சொல்ல அவர்கள் சுற்றிவளைத்தாக வேண்டும்.

நான் கொடுக்கும் தீர்ப்பு ஓடுகிற எஞ்சினுக்கே. அருங்காட்சியகத்தில் இருப்பது பழைய பாகங்களால் ஆன புதிய பொருள். ஆனால் வரலாற்றாளர் ஒருவர் வந்து, வின்டர்தூர் உளியின் தடம் பார்க்க வேண்டும் என்றால் அவரை அருங்காட்சியகத்துக்குத்தான் அனுப்புவேன். அவர் தேடுவது சான்று. சான்று உலோகத்தில் இருக்கிறது. இதைச் சொன்னதும் 'அப்போ இது வெறும் சௌகரியம்தானே' என்பார்கள். இல்லை. எந்த உலோகம் எங்கே இருந்தது, எந்த அமைப்பு இடைவெளி இல்லாமல் இயங்கியது, எந்தப் பதிவு எண் எதோடு போனது என்ற மூன்றும் நடந்தவை. நம் வசதிக்கு மாறாதவை. எஞ்சின் என்ற வகை அந்த மூன்றில் இரண்டாவதைப் பற்றிக்கொள்கிறது. உதகை ஏரியின் ஒரு பகுதி தூர்ந்து பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமுமாகி, தண்ணீரோ ஒவ்வொரு மழைக்கும் மாறி, இன்னும் அதே ஏரி என்கிறோமே. அங்கே பற்றிக்கொள்வது படுகையும் இடமும். வகை மாறினால் பற்றும் மாறும். பற்று எதுவென்று கேட்காமல் 'அதுவா, இல்லையா' என்று மட்டும் கேட்டால் முடிவே வராது.

எல்லை மங்கலாக இருக்கிறதே என்ற கவலை சிலருக்கு. தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம். உச்சி தெரியும், அடி எங்கே முடிகிறது என்று தெரியாது. ஒரு கூழாங்கல் தள்ளி வரைந்த ஒவ்வொரு எல்லைக்கும் ஒவ்வொரு மலை என்றால் அங்கே கோடி மலைகள். பீட்டர் அங்கர் 1980இல் எழுப்பிய சிக்கல் இது. நம் எஞ்சினிலும் துரு எப்போது எஞ்சினின் பகுதியாக இல்லாமல் போகிறது என்று கேட்கலாம். இங்கே மங்கலாக இருப்பது சொல்லின் எல்லை என்பது பரவலான பதில். எனக்கும் அதுவே போதும்.

கடைசியில் நண்பர். 'எஞ்சின் இல்லை, எஞ்சின் வடிவில் அமைந்த துணுக்குகள்தான் உண்டு' என்பது அறிவுள்ள கட்சி. வான் இன்வேகனே உயிரற்றவற்றுக்கு அப்படித்தான் பேசுகிறார். அதற்கான சிறந்த வாதத்தை டிரென்டன் மெரிக்ஸ் 2001இல் கொடுத்தார். பெட்டியைத் தள்ளுவது எது? துணுக்குகள் ஒன்றுசேர்ந்து தள்ளுகின்றன, தள்ளி முடித்துவிட்டன. எஞ்சினும் தள்ளுகிறது என்றால் ஒரே வேலைக்கு இரண்டு முழுக் காரணம். எஞ்சின் தனியே செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே எஞ்சின் வேண்டாம்.

இதற்கு நண்பரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, 'எஞ்சின் வடிவில் அமைந்த' என்பதை எஞ்சின் என்ற சொல் இல்லாமல் அவர் விளக்க வேண்டும். உயர் அழுத்தச் சிலிண்டர் விட்ட ஆவி குறை அழுத்தச் சிலிண்டருக்குப் போவது, பல்சக்கரத்தின் பல் பட்டையின் பள்ளத்தில் விழுவது என்று சொல்லத் தொடங்கினால் சிலிண்டர், பல், பட்டை எல்லாம் வந்துவிடும். அவையும் அவர் கணக்கில் இல்லாதவை. அணுக்கள், அவற்றின் இடங்கள், விசைகள் என்று மட்டும் எழுதினால் எழுதலாம். ஆனால் பல் தேய்ந்தபின் மாற்றியது ஏன் பொருந்துகிறது, பாய்லர் மாறியும் ஏன் அதே சரிவில் ஏறுகிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இருக்காது. ஒவ்வொரு தடவையும் வேறு அணுக்கள். மாறாதிருப்பது அமைப்பு. இரண்டாவது கேள்வி, இருவர் தள்ளுகிறார்கள் என்ற குற்றச்சாட்டைப் பற்றியது. இரண்டு எஞ்சின்கள் ஒரே பெட்டியைத் தள்ளினால் அது மிகைக் காரணம். பகுதிகள் தள்ளுவதால்தான் முழுமை தள்ளுகிறது என்றால் அங்கே இரண்டு தள்ளல் எங்கே? எடை மேடையில் உள்ளங்கையை இரண்டு தடவை கூட்டாதவர் இங்கே மட்டும் ஏன் கூட்டுகிறார்? கூட்டத்தான் வேண்டும் என்று அவர் காட்டினால் அவர் கட்சி நிற்கும். மெரிக்ஸ் அதைக் காட்ட முயல்கிறார், நண்பரும் முயலட்டும்.